90 நாள் நிபந்தனையைத் திரும்பப் பெறுங்கள்: சிகிச்சை மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் புறநோயாளர் பிரிவின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையை நான் நான்கு முறை படித்தேன். முதல் முறை, பலகைக்கு முன்னால் நின்றிருந்த என் தம்பியின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். அவன் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திரும்பி, "அக்கா, இது அன்றைக்கே இருந்திருந்தால் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்" என்றான். அவன் சொன்னது உண்மை என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சுற்றறிக்கை நான்கு மாற்றங்களை அறிவிக்கிறது. மதுவோ போதைப்பொருளோ பயன்படுத்துபவர்கள் இனிமேல் உளவியல் சிகிச்சையைத் தொடங்க வேண்டுமானால், 90 நாட்கள் எதையும் தொடாமல் இருந்ததற்குச் சிறுநீர்ப் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். சிகிச்சையின் நடுவே ஒரு முறை சறுக்கினாலும் பெயர் நீக்கப்படும். ஆறு மாதங்கள் கழித்தே மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம். வளரிளம் பருவத்தினருக்குத் தனியாக நடந்துவந்த குழு, ஆள் பற்றாக்குறையால் பெரியவர்களின் குழுவோடு சேர்க்கப்படுகிறது. வாரந்தோறும் நடந்த குடும்பத்தினர் கூட்டம் நிறுத்தப்பட்டு, அதற்கு ஈடாக ஒரு துண்டுப் பிரசுரம் தரப்படும். இவற்றுக்கு அடியில், ஒரு நிர்வாகக் குறிப்பைப் போல, ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது: மனநலப் பிரிவும் போதை மீட்புப் பிரிவும் இனித் தனித்தனிக் கோப்புகளை வைத்துக்கொள்ளும். மற்ற நான்கையும்விட என்னை அச்சுறுத்துவது அந்தக் கடைசி வரிதான்.

நான் மருத்துவர் அல்லேன்; பத்து ஆண்டுகளாக ஒரு நோயாளியின் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவள். அந்தப் பத்து ஆண்டுகளில் எட்டு, இப்போது நீங்கள் விதியாக்கியிருக்கும் இதே நடைமுறை வேறு இடங்களில் எங்களை அலைக்கழித்த ஆண்டுகள். மீதி இரண்டு, உங்கள் மையத்தில் ஒரே கோப்பும் ஒரே குழுவுமாக அவன் சிகிச்சை பெற்ற ஆண்டுகள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நம்புகிறேன். அவனைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவன் படித்து ஒப்புதல் தந்திருக்கிறான். இரண்டு இடங்களில் என் நினைவைத் திருத்தியும் இருக்கிறான்.

எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு வயது 13. அம்மா சரிந்து விழுந்தபோது வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான். உதவி வருவதற்கு முன்பிருந்த அந்த அரைமணி நேரத்தைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் அழுவான், அழ வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் எண்ணினோம். அதற்குப் பிறகு அவன் இரவில் தூங்குவதை நிறுத்தினான். கண்ணை மூடினால் அந்தத் தரையும் அந்தச் சத்தமும் திரும்பி வந்தன என்பது பின்னாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. 14 வயதில் உடன் படித்த ஒருவன் கஞ்சா கொடுத்திருக்கிறான். "அன்றைக்கு இரவு நான் விடியும்வரை தூங்கினேன், அக்கா. ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தூக்கம் அது" என்று அவன் என்னிடம் சொன்னபோது அவனுக்கு 24 வயது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எத்தனையோ பேர் அவனிடம் என்ன எடுக்கிறாய், எவ்வளவு எடுக்கிறாய், எங்கே வாங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். எதற்காக எடுக்கிறாய் என்று கேட்டவர் அதுவரை இல்லை.

16 வயதில் பள்ளியில் பிடிபட்டான். நான் அவனை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பத்து நிமிடம் பேசிவிட்டு, பழக்கத்தை விட்ட பிறகு அழைத்து வாருங்கள், இந்த நிலையில் எது நோய், எது போதையின் விளைவு என்று பிரிக்க முடியாது என்றார். போதை மீட்பு இல்லம் ஒன்றுக்குப் போனோம். அங்கே, பழக்கத்தை விட்டால் தூக்கமின்மையும் பயமும் தாமாகவே போய்விடும், முதலில் அது நடக்கட்டும் என்றார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆண்களின் வார்டில் அவனுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அங்கிருந்து அவன் திரும்பி வந்தபோது கஞ்சாவை விட்டிருந்தான். தூக்கம் மட்டும் வரவேயில்லை. தூக்கத்துக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை வார்டில் கற்றுக்கொண்டிருந்தான். அந்த வார்டில் அவனைச் சுற்றி இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களும் உதவி தேடி வந்தவர்களே. ஒரு சிறுவனை அங்கே படுக்க வைத்த முடிவைத்தான் குறை சொல்கிறேன். அதே முடிவைத்தான் இன்று உங்கள் சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியில் பார்க்கிறேன்.

20 வயதில் மது வந்தது. 22 வயதில், கெட்ட கனவுகள் தாங்க முடியாமல் அவனே முன்வந்து ஓர் உளவியலாளரைத் தேடிப் போனான். யாரும் இழுத்துச் செல்லாமல் அவன் உதவி கேட்டது அதுதான் முதல் முறை. அங்கே அவனுக்குக் கிடைத்த பதில், உங்கள் விதியின் அதே சொற்கள்: முதலில் குடியை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள். அவன் அதை ஒரு மருந்துச் சீட்டைப் போல எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து, அன்று மாலையே அடியோடு நிறுத்தினான். மறுநாள் பிற்பகல் அவன் கைகள் நடுங்கின, வியர்த்துக் கொட்டியது. இரவில் அவனுக்கு வலிப்பு வந்தது. அம்மா விழுந்த அதே கூடத்தில் அவனும் விழுந்தான்.

நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம் என்பதும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளுமாக முற்றும் விலகல் நிலை (குடியை நிறுத்தியதும் உடலிலும் மனத்திலும் எழும் பாதிப்பு), சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே பறிக்கலாம் என்பதும் உங்கள் மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதைத் தடுக்க மருந்துகள் இருக்கின்றன, மூளையைப் பாதுகாக்கத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள் இருக்கிறார்கள். உங்கள் சுற்றறிக்கையில் அவை எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. 90 நாள் கழித்து வரச் சொல்கிறீர்கள். அந்த 90 நாட்களில் முதல் நான்கு நாட்களை ஒருவர் எங்கே, யார் துணையோடு கடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் தம்பி பிழைத்தது, அன்றைக்கு நான் பக்கத்து அறையில் விழித்திருந்ததால்தான். ஒரு விதியை நம்பியவர் உயிர் பிழைப்பது அப்படி ஒரு தற்செயலைச் சார்ந்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகான ஒன்றரை ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. இரண்டு கதவுகளும் மூடியிருந்தன; தான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்று அவன் சொல்லத் தொடங்கியிருந்தான். உலக அளவில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களின் மரணத்துக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனச்சோர்வும் மதுவும் ஒரே ஆளிடம் சேரும்போது அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. காத்திருப்புக் காலம் என்று நீங்கள் எழுதியிருப்பது, நடைமுறையில் இந்த ஆபத்தோடு ஒருவரைத் தனியே விட்டுவைக்கும் காலம்.

24 வயதில் அவன் உங்கள் மையத்துக்கு வந்தான். அன்றைக்கும் குடித்துக்கொண்டுதான் இருந்தான். அதை மறைக்கவும் இல்லை. உங்கள் ஆலோசகர் அவனிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. குடி உங்களுக்கு என்ன தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று இரண்டையும் கேட்டார். பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்த அவன், அடுத்த வாரம் வருவதாகத் தானே பதிவேட்டில் எழுதினான். அந்த முறைக்கு ஊக்கமூட்டும் நேர்காணல் என்று பெயர் என்பதையும், உளவியலாளர் வில்லியம் மில்லர் அதை 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்கோடு சேர்ந்து வளர்த்தார் என்பதையும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதே மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை, நிபந்தனை விதிப்பதுதான் மனத்தை மாற்றும் என்று நம்புகிறவர்கள் படிக்க வேண்டும்: சிகிச்சையாளர் எந்த அளவுக்கு எதிர்த்துப் பேசி மோதினாரோ, அந்த அளவுக்கு ஓராண்டு கழித்து அந்த நோயாளியின் குடி அதிகமாக இருந்தது.

விலகல் காலத்தை உங்கள் உள்நோயாளர் பிரிவிலேயே, மருந்தோடும் கண்காணிப்போடும் கடந்தான். ஆறாவது நாளே அதே ஆலோசகர் அவன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். மனநல மருத்துவரும் அவரும் ஒரே கோப்பில் எழுதினார்கள். அவனிடம் ஒரு சிறு குறிப்பேடு கொடுக்கப்பட்டது. குடிக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்குச் சற்று முன்பு மனத்தில் ஓடியது, ஆசையின் வேகம் பத்துக்கு எத்தனை என்று அதில் எழுத வேண்டும். மூன்று வாரங்களில் அந்தக் குறிப்பேடே உண்மையைச் சொல்லிவிட்டது. எட்டுக்கு மேல் எழுதப்பட்ட ஒவ்வொரு ஆசையும், அம்மாவைப் பற்றிய கனவு வந்து விழித்த இரவிலோ அதற்கு மறுநாளோதான் வந்திருந்தது. தனித்தனிக் கோப்புகள் இருந்திருந்தால், கனவு ஒரு கட்டடத்திலும் ஆசை இன்னொரு கட்டடத்திலும் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்த்திருக்காது. ஐந்தாவது வரி என்னை அச்சுறுத்துகிறது என்று சொன்னது இதனால்தான்.

அதன் பிறகு சிகிச்சை இரண்டு தடங்களிலும் சேர்ந்தே நகர்ந்தது. ஆசை என்பது அலையைப் போல எழுந்து, உச்சத்தைத் தொட்டு, எதுவும் செய்யாமல் விட்டாலும் இறங்கிவிடும் என்பதை நம்பும்படி சொல்வதைவிட, அவனையே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்துக் காட்டினார்கள். மறுபடி வீழ்வதைத் தடுக்கும் சிகிச்சையை 1980-களில் வகுத்த உளவியலாளர் ஆலன் மார்லட்டின் வழி அது. மறுபக்கம், அந்த அரைமணி நேரத்தை அவன் முதல் முறையாக ஒருவரிடம் முழுவதுமாகச் சொன்னான். பிறகு மறுபடியும் சொன்னான். ஒவ்வொரு முறையும் அதன் பிடி கொஞ்சம் தளர்ந்தது. குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆன ஒருவரிடம் அந்த நினைவைக் கிளறினால் அவர் மறுபடி குடிக்கப் போய்விடுவார் என்ற அச்சம் உங்கள் முடிவின் பின்னால் இருப்பதாக ஊகிக்கிறேன். அந்த அச்சம் நியாயமானதுதான், எனக்கும் இருந்தது. ஆனால் அது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் போதைச் சார்பும் ஒருங்கே இருந்த 103 பேரிடம் ஆஸ்திரேலியாவில் கேத்ரின் மில்ஸும் குழுவினரும் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களின் மன அழுத்த அறிகுறிகள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு இருந்ததைவிடக் கூடுதலாகக் குறைந்தன. அவர்களது போதைப் பயன்பாடு அதனால் மோசமாகவில்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. தாங்க முடியாத உணர்வுகளுக்குத் தானே மருந்து போட்டுக்கொள்ளும் முயற்சியாகப் போதைப் பழக்கத்தைப் பார்க்கலாம் என்று மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-லேயே எழுதினார். எல்லாருக்கும் அது பொருந்தாது என்பதை ஏற்கிறேன். பழக்கமே மனநோயைக் கொண்டுவரும் வழியும் உண்டு, இரண்டுக்கும் பொதுவான வேர் இருக்கும் வழியும் உண்டு. எந்த வழியாக வந்திருந்தாலும், வந்து நிற்பவர் ஒரே ஆள். 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மனநல மருத்துவர் ராபர்ட் டிரேக்கும் குழுவினரும் கடும் மனநோயும் போதைச் சார்பும் சேர்ந்தவர்களுக்கு ஒரே குழு, ஒரே இடத்தில், இரண்டுக்கும் சிகிச்சை தரும் முறையை உருவாக்கினார்கள். இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஆளை அனுப்பும் பழைய முறை ஏன் தோற்றது என்பதைக் கண்டே அதைச் செய்தார்கள். நீங்கள் அந்தப் பழைய முறைக்குத் திரும்புகிறீர்கள்.

90 என்ற எண்ணுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று சுற்றறிக்கை சொல்லவில்லை. மனச்சோர்வு போதையால் வந்ததா, தனியாக வந்ததா என்று பிரித்தறிய ஏறத்தாழ ஒரு மாதம் போதையற்ற நிலையில் கவனிப்பது மருத்துவ வழக்கம் என்று அறிவேன். அது நோயின் பெயரை உறுதிசெய்வதற்கான காலம். நோயாளியை வெளியே நிறுத்துவதற்கான காலமாக அதை யாரும் வகுக்கவில்லை. நீங்கள் கேட்கும் சான்றும் நியாயமாக அளக்காது. நாள்தோறும் கஞ்சா புகைத்தவரின் சிறுநீரில், அவர் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தடயம் தெரியும். மதுவோ ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். அதன் சிதைவுப் பொருளைத் தேடும் தனிப் பரிசோதனைகூடச் சில நாட்களுக்குத்தான் உதவும். அப்படியானால் உண்மையிலேயே நிறுத்திய பதினாறு வயதுப் பையன் தோற்பான். நேற்று முன்தினம் வரை குடித்தவர் தேறுவார். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப்பொருட்களின் சார்புக்கு மருத்துவர் எழுதித்தரும் புப்ரெனார்ஃபினையோ மெத்தடோனையோ எடுப்பவரை எதையும் தொடாதவர் என்று கணக்கிடுவீர்களா, தொட்டவர் என்றா? இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருப்பவை. அவற்றை நிறுத்தினால்தான் உளவியல் சிகிச்சை என்று யாராவது உங்கள் விதியைப் புரிந்துகொண்டால், அதன் விளைவுக்கு யார் பொறுப்பு?

சறுக்கினால் பெயர் நீக்கம் என்ற விதியைப் பற்றி இன்னும் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. தாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவலாக எடுத்தாளப்படும் ஒப்பீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: போதைச் சார்புக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குகிறார்கள், உயர் ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் மறுபடி மோசமாகிறவர்கள் 50 முதல் 70 சதவீதம். மூச்சுத் திணறலோடு திரும்பி வந்த ஆஸ்துமா நோயாளியிடம், உங்களுக்கு மறுபடி இழுப்பு வந்துவிட்டது, ஆகவே ஆறு மாதம் வராதீர்கள் என்று எந்த மருத்துவமனையும் சொல்வதில்லை. பாதிப் பேருக்கு வரும் என்று தெரிந்த ஒன்றை நீக்கத்துக்கான காரணமாக எழுதினால், அந்த விதி பாதிப் பேரை நீக்குவதற்கென்றே எழுதப்பட்டதாகிறது.

என் தம்பியும் சறுக்கினான். ஐந்து மாதம் கழித்து, அம்மாவின் நினைவு நாளன்று. மறுநாள் காலை எனக்கு முன்பே அவன் ஆலோசகருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான், ஏனென்றால் சொன்னால் வெளியேற்ற மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த வார அமர்வில் முந்தைய நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தார்கள்: எத்தனை மணிக்கு எண்ணம் வந்தது, எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம், யாரை அழைத்திருக்கலாம், ஏன் அழைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் தனக்கு மிகவும் பயன்பட்ட அமர்வு அதுதான் என்று அவன் சொல்கிறான். அடுத்த நினைவு நாளுக்கான திட்டம் அன்று உருவானது. இந்த ஆண்டு அந்த நாளை அவன் குடிக்காமல் கடந்தான். உங்கள் புதிய விதி இருந்திருந்தால் அவன் அந்த அழைப்பைச் செய்திருக்க மாட்டான், ஒளித்திருப்பான். ஒளிப்பவனுக்கு எந்தச் சிகிச்சையும் எட்டாது.

ஓபியாய்டு பயன்படுத்துபவர்களிடம் இந்த விதி செய்யக்கூடியது இதைவிடக் கொடியது. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. மறுபடி பழைய அளவை எடுக்கும்போது மூச்சு நின்றுபோகிறது. அதனால்தான் சிகிச்சையிலிருந்து வெளியேறிய முதல் சில வாரங்கள் அவர்களுக்கு மிகவும் ஆபத்தானவை. குடும்பத்தினர் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் ஓர் அம்மா, தன் மூத்த மகனை அப்படித்தான் இழந்தார். வேறொரு மையம் ஒரே ஒரு சறுக்கலுக்காக அவனை வெளியே அனுப்பியிருந்தது. பதினோராவது நாள் அவன் இறந்தான். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதை முறிக்கும் நலாக்சோன் மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இளைய மகனுக்காகவே அவர் இப்போது உங்களிடம் வருகிறார். உங்கள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு அவர் அந்தப் பலகைக்கு எதிரேயே உட்கார்ந்துவிட்டார்.

வளரிளம் பருவத்தினரைப் பற்றி உங்கள் அறிவிப்பில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று ரொனால்ட் கெஸ்லர் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்விளைவை எண்ணி ஆசையை நிறுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. இருபது ஆண்டு குடித்து, வேலையையும் கல்லீரலையும் இழந்தவர்களின் அனுபவங்களைக் கேட்டால் ஒரு பதினாறு வயதுப் பையன் பயந்து திருந்துவான் என்று நினைப்பது பெரியவர்களின் ஆறுதல். அவன் அங்கே உட்கார்ந்து, நான் இவர்களைப் போல் இல்லை, ஆகவே எனக்குச் சிக்கல் இல்லை என்ற முடிவுக்கு வருவான். என் தம்பி அப்படித்தான் வந்தான். அந்த வயதில் பலன் தருவதாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது குடும்பத்தையும் பள்ளியையும் சேர்த்து இழுக்கும் சிகிச்சை. அதற்குத் தனி நேரமும், தனி அறையும், அவன் சொல்வதில் எதை வீட்டுக்குச் சொல்வார்கள், எதைச் சொல்ல மாட்டார்கள் என்று முதல் நாளிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளும் ஓர் ஆலோசகரும் வேண்டும்.

குடும்பத்தினர் கூட்டத்துக்கு ஈடாக ஒரு துண்டுப் பிரசுரம் என்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் நான் என்ன கற்றேன் என்பதைச் சொல்கிறேன். அவன் வேலைக்குப் போகாத நாட்களில் அவன் சார்பில் பொய் சொல்வதை நிறுத்தக் கற்றேன். அவன் பைகளைச் சோதிப்பதை நிறுத்தக் கற்றேன். குடித்திருக்கும்போது வாதாடாமல், குடிக்காத காலைப் பொழுதில் உட்கார்ந்து பேசக் கற்றேன். இவற்றைத் தாளில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டு மடித்து வைத்திருப்பேன். இதே தவறுகளைச் செய்துவிட்டு அழுத இன்னொரு அப்பாவைப் பார்த்ததால்தான் கற்றேன். சிகிச்சைக்கே வர மறுக்கும் குடிநோயாளிகளின் குடும்பத்தினரிடம் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று வழிகளை ஒப்பிட்டது. குடும்பத்தாருக்கே முறையாகப் பயிற்சி தந்த வழியில் 64 சதவீதம் பேரின் உறவினர் சிகிச்சைக்கு வந்தார். திடீரென்று எதிர்கொண்டு வற்புறுத்தும் வழியில் 30 சதவீதம். குடும்பத்தினர் தம்மளவில் விலகி நிற்கப் பழகும் வழியில் 13 சதவீதம். ஒரு நோயாளியை உள்ளே கொண்டுவரும் ஆற்றல் குடும்பத்துக்கு இருக்கிறது; அதைக் கற்றுத்தரும் ஒரே மணி நேரத்தைத்தான் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள்.

உங்கள் தரப்பில் உள்ள நெருக்கடியை நான் அறியாதவள் அல்லேன். ஆலோசகர்கள் இருவர் விலகிவிட்டார்கள். மீதமுள்ளவர்கள் மதிய இடைவேளையின்றி வேலை செய்வதைப் பார்க்கிறேன். பதிவு செய்துவிட்டு வராதவர்களால் வீணாகும் நேரமும் உண்மை. போதையிலேயே அமர்வுக்கு வருபவரோடு பேசிப் பயனில்லை என்பதும் உண்மை. அன்றைய அமர்வைத் தள்ளிவைத்து, அவர் பத்திரமாக வீடு சேர வழிசெய்து, அடுத்த நாளுக்கு நேரம் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, என் தம்பியிடமும் ஒரு முறை அப்படிச் செய்தீர்கள். ஆனால் நெருக்கடிக்கான விடையாக, உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களை வாசலிலேயே வடிகட்டும் வழியைத் தேர்ந்திருக்கிறீர்கள். காத்திருப்போர் பட்டியல் குறையும். அவர்கள் குணமாகிப் போனதால் குறையாது.

ஆகவே இந்தக் கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

90 நாள் நிபந்தனையை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள். குறைத்து 30 ஆக்குவது போதாது. எந்த நிலையில் வந்தாலும் முதல் மதிப்பீடு அந்த வாரத்திலேயே நடக்க வேண்டும். விலகல் ஆபத்து உள்ளவர்களை, அதுவும் நாள்தோறும் குடிப்பவர்களை, வீட்டில் தாமாக நிறுத்தும்படி சொல்லி யாரும் அனுப்பக் கூடாது என்பதை எழுத்தில் விதியாக்குங்கள்.

ஒரே கோப்பு, ஒரே சிகிச்சைக் குழு என்ற நடைமுறை தொடர வேண்டும். நிர்வாக வசதிக்காகப் பிரிவுகள் இரண்டாக இருந்தே ஆக வேண்டுமானால், இரு பிரிவினரும் சேர்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாரம் ஒரு முறையாவது பேசும் நேரத்தைப் பணி அட்டவணையில் குறியுங்கள்.

சறுக்கலுக்காகப் பெயர் நீக்கும் விதியை ரத்துசெய்து, சறுக்கியதாகத் தெரிவித்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் ஓர் அமர்வு என்பதை அந்த இடத்தில் எழுதுங்கள். இந்த மாதத்தில் ஏற்கெனவே பெயர் நீக்கப்பட்டவர்கள் இருந்தால், அவர்கள் ஒவ்வொருவரையும் நீங்களே அழைத்துத் திரும்ப வரச் சொல்லுங்கள். இது இன்றே செய்ய வேண்டியது. மருத்துவர் தரும் மாற்று மருந்துகளை எடுப்பவர்கள் எந்தத் தடையுமின்றி உளவியல் சிகிச்சை பெறலாம் என்பதைத் தெளிவாக அறிவியுங்கள். ஓபியாய்டு பயன்படுத்துபவர்களின் குடும்பங்களுக்கு நலாக்சோனும் அதைக் கையாளும் பயிற்சியும் கொடுங்கள்.

வளரிளம் பருவத்தினரின் குழுவைப் பெரியவர்களோடு சேர்க்காதீர்கள். வாரம் இரு முறை நடத்த ஆள் இல்லையென்றால் ஒரு முறையாக்குங்கள். ஆனால் தனியாக நடத்துங்கள். குடும்பத்தினர் கூட்டத்துக்கு ஆலோசகரை ஒதுக்க முடியாத வாரங்களில் அதை ஒழுங்கு செய்யவும், வருகிறவர்களை அழைத்து நினைவூட்டவும் எங்களில் ஏழு குடும்பங்கள் முன்வந்திருக்கிறோம். பெயர்ப் பட்டியலை வரவேற்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சிகிச்சை பெறுபவர்கள் இருவரும் குடும்பத்தினர் இருவரும் பேச இடம் தாருங்கள். என் தம்பி பேசத் தயாராக இருக்கிறான். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அதே பலகையில், கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் சிகிச்சை பெற்றுவரும் ஒருவனின் அக்கா